யோஷினோவும் தத்சுதாவும் பணிப்பெண்கள் அல்லர்

கண்காட்சிக் குழுவினருக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் அனுப்பிய இறுதிப் பிரதி வந்து சேர்ந்தது. எடோ காலத்து (1603–1868) ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களுக்கான தமிழ் விளக்கப் பலகைகள், மொத்தம் 42. நான் மொழிபெயர்த்துக் கொடுத்தவற்றில் 19 பலகைகளில் கை வைத்திருக்கிறீர்கள். பிழை திருத்தியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இங்கே நடந்திருப்பது திருத்தம் அல்ல. என் பெயர் மொழிபெயர்ப்பாளர் என்று சுவரில் வரப்போகிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

7ஆம் எண் பலகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தப் படத்தில் ஓர் உயரமான பெண் நிற்கிறாள். தலையைச் சுற்றிக் கதிர் போலக் கொண்டை ஊசிகள், தரையில் புரளும் கனத்த அங்கி, முன்பக்கம் முடிந்த இடைக்கச்சை. இருபுறமும் ஒரே மாதிரி உடுத்திய இரண்டு சிறுமிகள். மேல் மூலையில் கொஞ்சம் எழுத்து இருக்கிறது. முதலில் பெண்களை வைத்துத் தொழில் நடத்திய விடுதியின் பெயர், ஓகியா. அடுத்து அந்தப் பெண்ணின் பெயர், ஹனஓகி. பக்கத்திலேயே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு பெயர்கள்: யோஷினோ, தத்சுதா.

நான் எழுதிக் கொடுத்தது இது: “ஓகியா விடுதியின் கணிகை ஹனஓகி. உடன் இருப்பவர்கள் விடுதியில் யோஷினோ, தத்சுதா என்று பெயரிடப்பட்ட சிறுமிகள். பிள்ளைப் பருவத்திலேயே விற்கப்பட்டு வந்தவர்கள்.”

நீங்கள் அச்சுக்கு அனுப்பியிருப்பது: “எழில்மிகு கெய்ஷா, தன் இரு பணிப்பெண்களுடன்.”

இருநூறு வருடத்துக்கு முந்தைய படம் நான்கு பெயர்களைச் சொல்கிறது. நம் பலகை அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. போதாததற்கு, சிங்கப்பூரில் ‘பணிப்பெண்’ என்றால் யாருக்கு என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? சம்பளத்துக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளும் வயதுவந்த ஒரு பெண். யோஷினோவுக்கு ஏழெட்டு வயது இருக்கலாம், மிஞ்சினால் பன்னிரண்டு. கமுரோ என்று அழைக்கப்பட்ட இந்தக் குழந்தைகள் மூத்த கணிகைக்கு எடுபிடி வேலை செய்துகொண்டே அதே தொழிலுக்குத் தயாரானவர்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் அடுத்த படி. அப்புறம் பெரும்பாலும் பத்து வருட ஒப்பந்தம். ஆளை விற்பதற்கு அரசின் தடை பெயருக்கு இருந்ததால், காகிதத்தில் அதற்கு ‘ஊழியம்’ என்று பெயர். பெற்றவர் கையில் முன்பணம், பிள்ளையின் தலையில் கடன்.

யோஷினோ என்பது செர்ரிப் பூவுக்குப் பேர்போன மலை. தத்சுதா இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகள் சிவந்து மிதக்கும் ஆறு. ஒன்று வசந்தம், ஒன்று இலையுதிர் காலம். ஜோடியாக அழைக்கத் தோதான பெயர்கள். பெற்றவர்கள் வைத்தவை அல்ல. ஹனஓகியின் பக்கத்தில் நிற்கும் சிறுமிகளுக்கு என்று விடுதி ஒதுக்கி வைத்த பெயர்கள். ஒருத்தி வளர்ந்து போனால் அடுத்து வருகிறவள் யோஷினோ. ஹனஓகியும் அப்படித்தான், தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பட்டப்பெயர். அப்படியானால் இவை அவர்களின் உண்மையான பெயர்களே இல்லையே, விட்டால் என்ன என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அந்தச் சிறுமிகள் இந்த உலகத்தில் இருந்தார்கள் என்பதற்கு இந்தத் தாளில் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது துணியின் வேலைப்பாடு.

சரி, ‘கெய்ஷா’வுக்கு வருகிறேன். இது ரசனை பற்றிய தகராறு இல்லை, நேரடித் தகவல் பிழை. இடைக்கச்சையைப் பாருங்கள். கணிகையின் முடிச்சு முன்னால் இருக்கும், கெய்ஷாவின் முடிச்சு பின்னால். கெய்ஷாவின் தொழில் பாட்டும் ஷாமிசென் என்ற தந்தி வாத்திய இசையும் ஆட்டமும். அவர்கள் கணிகையரின் வாடிக்கையாளர்களுக்குப் போட்டியாக வந்துவிடக் கூடாது என்று கண்காணிக்கவே 1779இல் யோஷிவாரா என்ற அரசு அனுமதி பெற்ற விடுதிப் பேட்டைக்குள் தனிப் பதிவு அலுவலகம் ஏற்பட்டது. இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கண்காட்சிக்கே வரும் ஓவியர் உதமாரோவின் ‘வடக்கு நாட்டின் ஐந்து மை வண்ணங்கள்’ என்ற வரிசையில் கணிகைக்கு ஒரு தாள், கெய்ஷாவுக்கு வேறொரு தாள். வடக்கு நாடு என்றால் எடோவின், அதாவது பழைய டோக்கியோவின், வடக்கே இருந்த யோஷிவாரா. 1794, 95 வாக்கில் அந்த ஊர்க்காரர் இரண்டையும் பிரித்து வரைந்து தந்திருக்கிறார், நாம் ஒன்றாகக் கட்டுகிறோம்.

அந்த வரிசையைப் பற்றி இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இருப்பதே ஐந்து தாள். அதில் கடைசி இரண்டை ஏன் சுவரிலிருந்து இறக்கினீர்கள்? ஒன்று அகழியோர மலிவு விடுதிப் பெண். மற்றது ‘தெப்போ’, அதாவது துப்பாக்கி. எல்லாவற்றிலும் கீழ்ப்படியில் இருந்தவள். நோய் பிடித்தால் ஆள் காலி என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். கலைந்த தலை, வாயில் கவ்விய காகிதம். உதமாரோவின் பெண்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் முகம் அவளுடையதுதான். உங்கள் குறிப்பில் அவளுக்கு எதிரே “கண்காட்சியின் தொனிக்குப் பொருந்தவில்லை” என்று இருந்தது.

என்ன சொல்லால் அழைப்பது என்ற தவிப்பு உங்களுக்கு இருந்தது எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் இருந்தது. இரண்டு வாரம் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன். ‘வேசி’ வசைச்சொல் ஆகிவிட்டது. ‘விலைமாது’ என்றால் செய்தித்தாளில் ‘அதிரடிச் சோதனை’ என்ற தலைப்பு கூடவே வரும். ‘பரத்தை’ பரீட்சைக்குப் படித்த சொல், அதற்குள் யாரும் உயிரோடு இல்லை. ‘தாசி’ என்று போட்டால் கோயிலும், பொட்டுக்கட்டும் வழக்கமும், அதை ஒழித்த 1947ஆம் வருடத்து மெட்ராஸ் சட்டமும் சேர்ந்து வந்துவிடும்; அது வேறொரு மண்ணின் கதை. கடைசியில் ‘கணிகை’யில் நின்றேன். கலை பயின்றவள், விலை வைக்கப்பட்டவள், இரண்டும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படிக்கிறவர் ஒரு நொடி நின்று யோசிப்பார், முகம் சுளிக்க மாட்டார். நீங்கள் 14 இடங்களில் அதை ‘அழகி’ ஆக்கியிருக்கிறீர்கள். இந்தப் படவகைக்கே ஜப்பானியப் பெயர் ‘பிஜின்-கா’, அழகியர் படம் என்றுதான் அர்த்தம், ஒத்துக்கொள்கிறேன். படவகையின் பெயர் முகப்புப் பலகையில் ஒருமுறை இருக்கட்டும். 14 பெண்களுக்கும் அதையே பெயராக வைக்க முடியாது.

அரங்கின் தலைப்பு ‘உருவப்படங்கள்’. அதையும் ஒருமுறை யோசியுங்கள். வரிசையாக நிறுத்தி வைத்த ஆறு படங்களின் முகங்களை மட்டும் வெட்டி எடுத்துக் கலந்தால் எது யாருடையது என்று வரைந்தவராலேயே சொல்ல முடியாது. நீள முகம், கோடு போட்ட கண், சின்ன வாய். யார் என்று சொல்வது அங்கியின் சின்னம், ஊசியின் அமைப்பு, பக்கத்தில் நிற்கும் சிறுமிகள், மூலையில் உள்ள எழுத்து. ஓவியர் இசோதா கொர்யூசாய் 1776 வாக்கில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களில் ஒரு வரிசை வெளியிட்டார். அத்தனையும் புத்தாண்டுக்குப் புது அங்கி உடுத்திய கணிகையர். விடுதிக்கு விளம்பரம், துணிக்கு விளம்பரம், பதிப்பகத்துக்கு வியாபாரம். ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலையை ஒட்டிய காசுக்கு இம்மாதிரித் தாள்கள் கிடைத்தன. பதிப்பாளர் த்சுதயா ஜூசபுரோ பிறந்ததே யோஷிவாராவில்தான். அந்தப் பேட்டைக்கு யார் யார் எந்த விடுதியில் என்று கையேடு அச்சிட்டு விற்றுத் தலையெடுத்தவர் அவர். அதே கைதான் பின்னால் உதமாரோவை உலகத்துக்குத் தந்தது.

22ஆம் பலகையில் “அங்கியின் பொன்னிழை வேலைப்பாடு எடோ செழுமையின் சான்று” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நான் எழுதாத வரி. அந்த அங்கியை வாங்கிய பணம் யார் கணக்கில் ஏறியது தெரியுமா? அவளுடைய கணக்கில். அங்கி, படுக்கை, பக்கத்துச் சிறுமிகளின் உடை, அவர்கள் சாப்பாடு எல்லாம் மூத்த கணிகையின் தலையில். எத்தனை நன்றாக உடுத்தினாளோ அவ்வளவு கடன். 1775இல் செகாவா என்ற கணிகையை மீட்க ஒரு பணக்காரர் 1,400 ரியோ (அக்காலத் தங்க நாணயம்) கொடுத்தார் என்று ஊரே பேசியது. அப்படி ஓர் ஆள் வராதவர்களுக்கு ஒப்பந்தம் முடிய வேண்டும், இல்லையென்றால் உயிர் முடிய வேண்டும். அகழி சூழ்ந்த அந்தப் பேட்டைக்குப் பெரிய வாசல் ஒன்றே ஒன்று. அந்த அகழிக்குப் பெயர் ‘பல் மை வாய்க்கால்’; பல்லுக்குப் பூசும் கறுப்பு மையைக் கழுவி ஊற்றியதால் வந்த பெயர் என்கிறார்கள்.

31ஆம் பலகை. உதமாரோவின் ‘பச்சை மாளிகைகளின் பன்னிரண்டு வேளைகள்’ (பச்சை மாளிகை என்றால் கணிகையர் விடுதி) வரிசையில் எருது வேளை, ஏறத்தாழ அதிகாலை 2 மணி. ஒரு பெண் எழுந்து கழிப்பறைக்குப் போகிறாள். ஒரு கையில் திரித்துப் பற்றவைத்த காகிதம், அதுதான் விளக்கு. இன்னொரு கையில் துடைக்கும் தாள். அங்கி தோளிலிருந்து நழுவுகிறது. பார்வை கீழே இருக்கிறது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. பாதம் மட்டும் செருப்பைத் தேடி வளைகிறது. தூக்கக் கலக்கத்தில் செருப்புத் தேடும் காலை வரைந்தவர் உலகத்தில் எத்தனை பேர்? அலங்காரமெல்லாம் கழன்றபின் அந்தப் பெண்ணுக்குத் தனக்கென்று கிடைத்த இரண்டு நிமிடம் அது. நான் இதையெல்லாம் மூன்று வரியில் எழுதியிருந்தேன். உங்கள் பலகையில் “நள்ளிரவில் ஓர் அழகியின் நளினம்” என்று இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா?

பெயர் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1793இல் எடோ அரசு ஓர் ஆணை போட்டது. டீக்கடைப் பெண்கள் போன்ற மற்றப் பெண்களின் பெயரைப் படங்களில் அச்சிடக் கூடாது, கணிகையரின் பெயருக்கு மட்டும் விலக்கு. உதமாரோ சும்மா இருக்கவில்லை. நானிவாயா கிதா போன்ற டீக்கடைப் பெண்களின் பெயரைப் படப்புதிராக மூலையில் ஒளித்து வைத்தார். 1796இல் அந்தப் புதிருக்கும் தடை வந்தது. ஆக, அந்தக் காலத்தில் பெயர் போட அனுமதி இருந்த ஒரே பெண்கள் இந்தக் கணிகையர்தான். வியாபாரத்துக்காகத்தான், மறுக்கவில்லை. ஆனால் எடோவின் தணிக்கையாளர்கள் விட்டு வைத்த பெயரை நாம் நீக்குகிறோம்.

வான் கோக்கின் 1887ஆம் வருடத்து ஓவியத்தின் நகலையும் நுழைவாயிலில் வைக்கிறீர்கள். ஜப்பானிய ஓவியர் எய்சன் வரைந்த கணிகையைப் பார்த்து அவர் பெரிதாக வரைந்தது. சுற்றிலும் உள்ள சட்டகத்தில் தவளைகளும் நாரைகளும் இருக்கின்றன; அக்காலப் பாரிஸ் பேச்சுவழக்கில் இரண்டுமே விலைமாதரைக் குறிக்கும். ஜப்பானுக்குப் போகாத அந்த மனிதருக்கே அவள் யார் என்று தெரிந்திருந்தது. நம் பலகையில் “நீர்நிலைக் காட்சி” என்று இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சொல் பற்றியது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது பிரதியின் கடைசிப் பக்கத்தில் இருந்த அரங்க வரைபடம். வெளியேறும் வழியில் ஒரு படப்பிடிப்பு மூலை: “ஒய்ரான் ஆகுங்கள்! உங்கள் செல்லங்களுக்கும் கமுரோ உடை உண்டு, 6 முதல் 10 வயது வரை.” ஒய்ரான் என்றால் உயர்படிக் கணிகை. அளவுகள்கூடப் போட்டிருக்கிறது, சிறியது, நடுத்தரம் என்று. இதைத் திட்டமிட்டவருக்குக் கமுரோ என்றால் என்ன என்று தெரியாது என்றே நம்ப விரும்புகிறேன். தெரியாததற்குக் காரணம் பலகையில் ‘பணிப்பெண்’ என்று எழுதியிருப்பது. ஒரு சொல்லை மழுப்பினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. எனக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், இந்தச் சொற்கள் எதற்கு என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு உடை மட்டும் போட்டுவிடலாம், கதை சொல்லக் கூடாதா? “கடனுக்காக விற்கப்பட்ட சிறுமிகள்” என்ற மூன்று சொல்லில் எந்த ஆபாசமும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும், பெரியவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

நமக்கு இதெல்லாம் தூரத்து ஊர்க் கதை என்றும் சொல்ல முடியாது. நான் ஹவ்காங்கில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜப்பானியர் கல்லறைப் பூங்கா இருக்கிறது. 910 கல்லறைகள். 1891இல் அதற்கு நிலம் கொடுத்தவர்களில் ஒருவர் விடுதி நடத்திய ஜப்பானியர், தன் விடுதிப் பெண்களைப் புதைக்க இடம் வேண்டும் என்று. காராயுகி-சான் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்கள் ஷிமாபாரா, அமகுசா பக்கத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து கப்பலேறி, மலாய் ஸ்ட்ரீட், ஹைலாம் ஸ்ட்ரீட் விடுதிகளுக்கு வந்தவர்கள். 1920இல் ஜப்பானியத் தூதரகமே முன்னின்று அந்த விடுதிகளை மூடியது. புகிஸில் இன்று நாம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடக்கும் அதே தெருக்கள். பூங்காவின் ஒரு பகுதியில் முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள் வரிசையாக நிற்கும். மழை பெய்து முடிந்த காலையில் என் அம்மாவோடு அங்கே நடந்திருக்கிறேன். பாசி படிந்த ஒரு கல்லில் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, “பேரே இல்லையேடி இதுல” என்றார். நேரில் படித்துப் பார்க்க அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அந்தக் கல்லில் படிக்க எதுவும் இல்லை என்பது மட்டும் விரலுக்குத் தெரிந்தது.

டோக்கியோவில் மினோவா நிலையத்துக்குப் பக்கத்தில் ஜோகன்ஜி என்ற கோயில் இருக்கிறது. ‘எறிந்துவிட்டுப் போகும் கோயில்’ என்பது அதன் பழைய வழக்குப் பெயர். 1855ஆம் வருடத்து நிலநடுக்கத்தில் செத்த கணிகையரை அங்கேதான் கொண்டுவந்து புதைத்தார்கள். மொத்தம் 25,000 பேர் வரை என்று சொல்லப்படுகிறது. 2019இல் போயிருந்தபோது நினைவுத் தூணின் கீழே யாரோ ஒரு லிப்ஸ்டிக்கும் சீப்பும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஜப்பானிலேயே இந்தப் பேச்சு நடந்து முடிந்திருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். 2020இல் சகுராவில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகம் பால் வேற்றுமை பற்றிய கண்காட்சியில் 1849ஆம் வருடத்து வழக்கொன்றைக் காட்சிக்கு வைத்தது. உமெமோதோயா விடுதியின் 16 பெண்கள் கொடுமை தாங்காமல் விடுதிக்குத் தீ வைத்துவிட்டு, தாங்களே போய்ச் சரணடைந்தார்கள். என்ன சோறு போட்டார்கள், எப்படி அடித்தார்கள் என்று அவர்களில் சிலர் எழுதிய நாட்குறிப்பு மிஞ்சியிருக்கிறது. 2024 வசந்தத்தில் டோக்கியோ கலைப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் யோஷிவாராவைப் பற்றிப் பெரிய கண்காட்சி நடத்தியது. திறப்பதற்கு முன்பே, கேளிக்கைப் பூங்காவை விளம்பரம் செய்வதுபோல விளம்பரம் செய்கிறீர்களே என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. அங்கே நடந்தது மனித உரிமை மீறல், ஏற்கத்தக்கது அல்ல என்று ஏற்பாட்டாளர்கள் அறிக்கை விட வேண்டி வந்தது. படங்களைச் சுவரிலிருந்து இறக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் குறையவும் இல்லை.

படங்களை மறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. இந்தப் படங்கள் என் மேசைமேல் ஐந்து மாதம் இருந்தன. முடியின் ஒவ்வோர் இழையையும் செர்ரி மரக்கட்டையில் செதுக்கிய அந்தக் கைகளுக்கு என் கும்பிடு. அதே கவனத்தில் பத்தில் ஒரு பங்கு பலகைக்கும் வேண்டும் என்கிறேன்.

கண்காட்சி திறக்க இன்னும் 23 நாள் இருக்கிறது. பலகைகள் இன்னும் அச்சேறவில்லை என்று அச்சகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே கேட்பது இவை. கமுரோ உடைகளையும் அந்தப் படப்பிடிப்பு மூலையையும் முழுமையாக எடுத்துவிடுங்கள். இதில் பேரம் பேச எனக்கு எதுவும் இல்லை. ‘கெய்ஷா’ என்ற சொல் உண்மையிலேயே கெய்ஷா இருக்கும் தாள்களில் மட்டும் இருக்கட்டும். படத்தில் எழுதியிருக்கும் பெயர்கள் அத்தனையும், விடுதி, பெண், சிறுமிகள் உட்பட, பலகையின் முதல் வரியில் வர வேண்டும்; தமிழில் மட்டுமில்லை, நான்கு மொழிகளிலும். ‘கணிகை’ பிடிக்கவில்லை என்றால் வேறு சொல் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம், ‘அழகி’க்கு மட்டும் சம்மதம் இல்லை. உதமாரோவின் ஐந்து தாளும் ஒன்றாகத் தொங்கட்டும், தெப்போவும் சேர்த்து. யோஷிவாராவின் கடன் ஒப்பந்தம் எப்படி நடந்தது என்று அரங்கின் நுழைவிலேயே ஒரு பலகை வையுங்கள், எழுதிக் கொடுக்க நான் தயார், அதற்குத் தனிக் கூலி வேண்டாம். பக்கத்தில் ஹவ்காங் கல்லறைப் பூங்காவுக்கு வழி சொல்லும் ஒரு வரியும் இருந்தால் நல்லது.

வரும் புதன்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பலகைகள் இப்போதிருக்கும்படியே போவதானால், 42 பலகைகளிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த முன்பணத்தை அன்றே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர்